மூன்றாம் எண் கணினியின் இடது மிதவைகள்

நகலாரிடம் இல்லாத தாள் என்று இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பதினாறு ஆண்டுகளுக்கு முன், உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் இருப்பு எழுத்தராக இருந்தபோது, கூரை ஒழுகுவதைப் பற்றி மேலதிகாரிக்கு அவர் எழுதிக் கொடுத்த கடிதம் அது. அடுத்த மழையில் நாற்பது பெட்டி பேரிங்குகள் நனைந்து துருவேறின. "முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். சொன்னேன் என்றார். "நகல் இருக்கிறதா?" என்றார்கள். நகல் இல்லை. மேலதிகாரிக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததாகவே நினைவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலையும் இல்லை என்றாயிற்று.

அன்றிலிருந்து அவர் எந்தத் தாளையும் தூக்கி எறிந்ததில்லை. தண்ணீர் வடிகட்டி போய்ச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் அதன் உத்தரவாத அட்டை இரும்பு அலமாரியின் இரண்டாம் தட்டில் பத்திரமாக இருக்கிறது. மனைவி அவருக்கு நகலார் என்று பெயர் வைத்தது அந்த நாட்களில்தான். "எங்க வீட்டுக்காரர் தும்மினாக்கூட ரெண்டு பிரதி எடுத்துதான் தும்முவார்" என்று அவள் யாரிடமோ சொல்லப்போக, அந்தப் பெயர் வீட்டுப்படி தாண்டி வேலையிடம் வரை போய் ஒட்டிக்கொண்டது.

இப்போது அவர் வேலை பார்ப்பது ஒரு மறுவாழ்வு மையத்தில். பக்கவாதம் வந்து கை கால் விளங்காமல் போனவர்கள் பயிற்சிக்கு வரும் இரண்டு மாடிக் கட்டடம் அது. நடைகூடத்தின் இருபுறமும் இடுப்பு உயரத்தில் கைப்பிடிக் கம்பிகள் ஓடும். ஆயிரம் கைகள் பற்றிப் பற்றி அவற்றின் வண்ணம் வெளுத்துவிட்டது. நகலாருக்குக் கோப்பு அறை. அதோடு, யாரும் கேட்காமலே அவர் தலையில் வந்து விழுந்த இன்னொரு பொறுப்பும் உண்டு: பயிற்சிக் கூடத்தின் எட்டுக் கணினிகள்.

ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினிகள் அவை. பயிற்சியாளர் அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கேம் கன்சோல் ஆட்டம் ஒன்றில், இரண்டு கைகளாலும் கட்டுப்பாட்டுப் பிடியைப் பிடித்துப் படகு ஓட்ட வேண்டும். அது கைகளுக்கு நல்ல பயிற்சி. ஆனால் அந்தக் கன்சோல் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. அதற்கு எமுலேட்டர் வேண்டும். அதாவது, சாதாரணக் கணினியைப் பழைய கன்சோலாக வேடம் போட வைக்கும் மென்பொருள். கணினி நன்றாக இருந்தால் வேடமும் நன்றாக இருக்கும். இந்த எட்டிலோ தனி வீடியோ அட்டை கிடையாது. தாய்ப்பலகையிலேயே பொதிந்த பழைய வீடியோ சிப்தான் படம் வரைய வேண்டும். அதற்குச் சொந்தமாக நினைவகமும் இல்லை. கணினியின் நினைவகத்தில் ஓர் ஓரத்தில் குடியிருந்து காலம் தள்ளும் ஜீவன் அது.

முதல் நாள் ஓடவிட்டபோது படகோட்டியின் முகம் கரிச்சட்டிபோல் இருந்தது. வானத்தைக் காணோம். எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டங்கள். நகலார் அதற்கு முன் எமுலேட்டர் என்ற சொல்லைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. இணைய மன்றம் ஒன்றில் விவரமாக எழுதிக் கேட்டார். "உங்கள் சிப் கிழடு. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று ஒருவர் பதில் எழுதினார். நகலார் அந்தப் பதிலை அச்சிட்டு, துளையிட்டு, கோப்பில் கோத்தார். பிறகு ஒரு பதிவேட்டில் கோடு போட்டார். தேதி, கணினி எண், மாற்றிய அமைப்பு, கண்ட விளைவு, கையொப்பம். ஒரு தடவைக்கு ஒரே ஓர் அமைப்பைத்தான் மாற்றுவார். விளைவை எழுதாமல் அடுத்ததைத் தொட மாட்டார். சாப்பாட்டு இடைவேளைகளை எல்லாம் தின்று ஐந்து வாரம் ஓடிய பிறகு, அறுபத்து மூன்றாம் வரியில் படகோட்டிக்கு முகம் வந்தது. காரணம் எளிது. சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள், தனக்குத் தெரியாத வித்தை ஒன்றையும் 'தெரியும்' என்று எமுலேட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. எமுலேட்டரும் அதை நம்பி வேலையை ஒப்படைத்தது. அந்த ஒரு குறியை நீக்கியதும் கரி கழன்றது. வானம் தொண்ணூறாம் வரியில் வந்தது. எழுத்துகள் நூற்றுப் பன்னிரண்டில்.

பயிற்சியாளர் அம்மா எட்டுக் கணினிகளும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "சார், இதையெல்லாம் எங்க படிச்சீங்க?" என்றாள்.

"படிக்கல மேடம். எழுதினேன்" என்றார் நகலார்.

ஆட்டம் இதுதான். ஒரு நீண்ட கால்வாய். வலப்பக்கம் ஒன்பது உயரமான கம்பங்கள், உச்சியில் சிவப்புக் கொடியோடு. இடப்பக்கம் ஒன்பது பச்சை மிதவைகள். உயரம் கிடையாது, தண்ணீரோடு தண்ணீராகப் படுத்திருக்கும். எதிலும் முட்டாமல் படகை நடுவே செலுத்த வேண்டும். முடிந்ததும் வலப்பக்கம் எத்தனை முட்டல், இடப்பக்கம் எத்தனை என்று திரை சொல்லும். ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் அம்மாவின் கண் நோயாளியின் விரல்கள் மேலும் தோள் மேலும் இருக்கும். முடிந்த பிறகே திரையைப் பார்த்து எண்களைப் படிவத்தில் எழுதுவாள். அந்தப் படிவத்தை வரைந்தவரும் நகலார்தான். வலது மூலையில் 'கணினி எண்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தார். இதுவரை யாரும் அந்தக் கட்டத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்படி இருந்த நாளில்தான் அவர் மனைவியும் அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடக்க வந்தாள்.

அவள் பத்தொன்பது ஆண்டுகளாகச் சலவைக்கூடத்தின் வேன் ஓட்டுபவள். விடுதிகளின் அழுக்குத் துணிமூட்டைகளை ஏற்றி வருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய் இறக்குவதும் அவள் வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் இடது கை ஸ்டியரிங்கில் இருந்து தானாக நழுவியது. வேனை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் மயங்கினாள். பக்கவாதம், இடப்பக்கம். கால் மூன்றாம் மாதம் திரும்பியது. கை ஐந்தாம் மாதம். ஆறாம் மாதத்தில் எல்லோரும் 'இனி என்ன, வேன்தான்' என்று பேச ஆரம்பித்த நேரத்தில் படிவங்கள் வேறு கதை சொல்லத் தொடங்கின. இடப்பக்க முட்டல்: ஏழு. அடுத்த முறை எட்டு. அடுத்த முறையும் எட்டு.

"இடது பக்கம் ஒண்ணுமே இல்லீங்க. வெறும் தண்ணிதான். திடீர்னு டம்முனு முட்டுது" என்று அவள் அன்றே சொன்னாள்.

நகலார் மனைவி பேச்சைக் காற்றில் விடுகிறவர் அல்ல. மறுநாளே அவள் ஆடிய மூன்றாம் எண் கணினியில் ஆட்டத்தை ஓடவிட்டார். அவர் எப்போதும் சோதிப்பதுபோல், ஆட்டத்தைத் திரையின் பாதியில் ஒரு சிறு ஜன்னலாக வைத்தார். மறுபாதியில் எமுலேட்டர் தன் வேலைகளை வரிவரியாக எழுதிக்கொண்டு போகும் பதிவு ஜன்னல். படகை ஒன்பது மிதவைகளுக்கும் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் ஸ்கிரீன்ஷாட் விசையை அழுத்தினார். ஒன்பது படங்களை அச்சிட்டார். ஒன்பதிலும் பச்சை மிதவை பளிச்சென்று இருந்தது.

அந்த ஒன்பது தாள்களையும் அவரே டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் அவற்றை மனைவியின் கோப்பில் சேர்த்து, கீழே எழுதினார்: 'திரையில் குறை இல்லை என்பதற்கான படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. இடப்புறக் காட்சியில் நோயாளியின் கவனம் செல்வதில்லை. வாகனம் ஓட்டத் தகுதி குறித்து இறுதி முடிவு அடுத்த மதிப்பீட்டில்.' அடுத்த மதிப்பீடு வரும் வியாழக்கிழமை. சலவைக்கூடத்தில் தற்காலிகமாக ஓட்டும் ஆள் நிரந்தரமாவதற்குக் காத்திருக்கிறான். வியாழனன்று டாக்டரின் பரிந்துரையாவது கையில் இல்லாவிட்டால் வேன் சாவியை அவனிடமே கொடுத்துவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

டாக்டரின் குறிப்பைக் கேட்ட நாளிலிருந்து மனைவி மிதவையைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் வாய் சும்மா இருந்து நகலார் பார்த்ததில்லை; அதனால் வீடு வேறு வீடாகத் தெரிந்தது. குளியலறைக்குப் போகும்போது இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். தேநீர்க் குவளையை வலப்பக்கமே வைக்கச் சொன்னாள். ஒருநாள் வாசலில் நின்று, "இந்தப் பக்கம் கதவு நிலை எங்க முடியுதுன்னு சொல்லுங்க" என்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் போய் வரும் வாசல் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்துத் தரையில் அலமாரித் தாள்களையெல்லாம் பரப்பி உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் இன்னும் மூன்று மாத அவகாசம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுவதாக எண்ணம். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. மனைவி நாற்காலியில் சாய்ந்து, இடது கையில் ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்கி விட்டு அமுக்கி விட்டு, எதிர்ச் சுவர் நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அந்தத் தாள் பறக்குது. பிடிங்க."

"எந்தத் தாள்?"

"அதோ, அலமாரிக்கு அடியில போகுது பாருங்க. மஞ்சத் தாள். ஐயோ, போயிடுச்சு. உங்க தண்ணி வடிகட்டி அட்டைதான். இனிமே தண்ணிக்கு என்ன பண்றது!"

நகலார் சிரிக்கவில்லை. எழுந்து அலமாரியைப் பார்த்தார். அது நின்றது மனைவியின் இடப்பக்கம். நன்றாக ஒதுங்கிய இடப்பக்கம். அவள் தலையைத் திருப்பியிருக்கவும் இல்லை.

"நீ அதைப் பார்த்தியா?"

"பார்க்காமலா சொல்றேன்?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். பந்து கையிலேயே நசுங்கிக் கிடந்தது. இருவரும் அலமாரியின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கண்ணில் குறை இல்லை. படத்திலும் குறை இல்லை. படிவத்தில் மட்டும் எட்டு முட்டல். மூன்றும் ஒன்றாக நிற்க முடியாது என்ற கணக்கு அவருக்கு அன்று முழுதும் மண்டையைக் குடைந்தது. கிடங்கில் ஓர் உருப்படி காணாமல் போனால் என்ன செய்வார் என்று யோசித்தார். பொருளின் பெயரால் தேடிக் கிடைக்காவிட்டால், அது இருந்த தட்டின் எண்ணால் தேடுவார்.

திங்கட்கிழமை கோப்பு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓராண்டுப் படிவங்கள் இருநூற்றுப் பதினாலையும் வெளியே எடுத்தார். எல்லாம் நோயாளி பெயரால் அடுக்கியவை. அவற்றைக் கலைத்தார். ஒவ்வொன்றின் வலது மூலையையும் பார்த்து, கணினி எண்ணால் எட்டு அடுக்காகப் போட்டார். பிறகு ஒவ்வோர் அடுக்கையும் தேதியால் வரிசைப்படுத்தினார். ஏழு அடுக்குகளில் முட்டல்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. மூன்றாம் அடுக்கில் மட்டும், இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதிக்குப் பிறகு, வேறு காட்சி. முப்பத்தொரு படிவங்கள், ஐந்து பேர். ஐந்து பேருக்கும் இடப்பக்கம் ஏழு, எட்டு, ஒன்பது.

அந்த ஐவரில் ஒருவர் தச்சர். அவருக்கு விளங்காமல் போனது வலது கை. இடப்பக்கப் பார்வைக்கும் அவருக்கும் எந்தப் பகையும் இருக்க நியாயமில்லை. அவர் அந்த நேரத்தில் பயிற்சிக் கூடத்தில்தான் இருந்தார், மரக்கட்டைகளைத் துளையில் செருகியபடி.

"ஐயா, படகு ஓட்டறீங்களே, இடது பக்கம் என்ன தெரியுது?"

"தண்ணி தெரியுது."

"மிதவை?"

"அது தெரியாது. எனக்குக் கண்ணு போயிடுச்சில்ல" என்றார் தச்சர், வெகு இயல்பாக.

"யார் சொன்னது?"

"மெஷின் சொல்லுச்சு, எட்டு தடவை முட்டிட்டேன்னு. அந்த அம்மாவும் எழுதிக்கிட்டாங்க. நாப்பது வருஷம் நூல் பிடிச்ச கண்ணு. அதுவும் போச்சான்னு நினைச்சேன். பட்டறையில இருந்த உளியெல்லாம் தம்பி பையனுக்குக் கொடுத்துட்டேன்."

நகலார் மதிய இடைவேளையில் கூடம் காலியானதும் மூன்றாம் எண் கணினிக்கு முன் போய், நோயாளிகளின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பதிவு ஜன்னலை மூடினார். முதல் முறையாக ஆட்டத்தை, நோயாளிகள் ஆடுவதுபோல், முழுத்திரையில் ஓடவிட்டார்.

கால்வாய் விரிந்தது. வலப்பக்கம் கொடிக் கம்பங்கள் வரிசையாக நின்றன. இடப்பக்கம் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். படகு ஒன்றுமில்லாத இடத்தில் டம்மென்று முட்டியது.

ஸ்கிரீன்ஷாட் விசையை அழுத்திச் சேமித்த படத்தைத் திறந்தார். அதில் மிதவை இருந்தது. கைப்பேசியை எடுத்துத் திரையையே ஒரு புகைப்படம் எடுத்தார். அதில் மிதவை இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவருக்கு விஷயம் பிடிபட்டது. அந்த விசையை அழுத்தினால் எமுலேட்டர் திரையைப் படம் பிடிப்பதில்லை. ஆட்டத்தின் பழைய, சிறிய அளவில் அந்தக் காட்சியைத் தனியாக இன்னொரு முறை வரைந்து, அதைச் சேமிக்கிறது. அவர் டாக்டரிடம் கொடுத்த ஒன்பது படங்களும், அந்தத் திரையில் நோயாளிகள் யாரும் ஒருநாளும் கண்டிராத படங்கள்.

மீதி விளங்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. படம் வரையும்போது எது முன்னே, எது பின்னே என்பதற்குச் சிப் ஓர் ஆழக் கணக்கு வைத்துக்கொள்ளும். முழுத்திரையில், மூன்றாம் எண்ணில் மட்டும் இருந்த பெரிய மானிட்டரின் முழு அளவுக்கும் வரையச் சொல்லும்போது, குடியிருக்கும் அந்தத் துளி நினைவகம் போதவில்லை. சிப் யாரிடமும் சொல்லாமல் ஆழக் கணக்கின் துல்லியத்தைக் குறைத்துக்கொண்டது. உயரமான கம்பங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் மட்டத்திலேயே படுத்திருக்கும் மிதவைகளுக்கும் தண்ணீருக்கும் இருந்த நூலளவு வித்தியாசம் கணக்கில் இருந்து விழுந்துபோயிற்று. தண்ணீர் மிதவைகளின் மேல் வரையப்பட்டது. மற்ற ஏழு கணினிகளிலும் சிறிய மானிட்டர்கள். அங்கே இந்த நெருக்கடி இல்லை.

'வரையும் அளவு: திரையைப் பின்பற்று' என்ற அமைப்பை 'ஆட்டத்தின் அளவு' என்று மாற்றினார். ஒன்பது மிதவைகளும் தலைகாட்டின. மீண்டும் பழையபடியே மாற்றி வைத்து, 'பழுது. யாரும் தொட வேண்டாம்' என்று எழுதித் திரையில் ஒட்டினார். டாக்டர் பார்க்க வேண்டியது பழுதைத்தான்.

பிறகு பதிவேட்டைப் புரட்டினார். மூன்றாம் அடுக்கில் இடப்பக்க முட்டல்கள் கூடத் தொடங்கிய அதே தேதியில் அவருடைய கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'மூன்றாம் எண்: பழைய மானிட்டர் பழுது. பெரிய மானிட்டர் மாட்டப்பட்டது. ஓட்டிப் பார்த்ததில் படம் தெளிவு. குறை இல்லை.' பக்கத்தில் அவருடைய கையொப்பம். வழக்கம்போல் பாதித் திரையில் ஓட்டிப் பார்த்த கையொப்பம்.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கு."

"அந்தப் பெரிய மானிட்டரை யார் மாட்டினது?"

"நான்தான். ஸ்டோர்ல கிடந்துச்சு. உனக்குப் பெரிசா, தெளிவா தெரியட்டும்னு. உன்னை அதுலயே உட்கார வைக்கச் சொன்னதும் நான்தான்."

"நல்லா தெரிஞ்சுது போங்க!" என்றாள். சிரிப்பு வரும்போலிருந்தது, வரவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன், இடது பக்கம் ஒண்ணுமில்லன்னு. நீங்க என்னை நம்பல."

"படம் இருந்துச்சும்மா..."

"எனக்கு வாய் இருந்துச்சே."

அவள் எழுந்து, சுவரைத் தொடாமல் சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே சத்தமிட்டன. அரை மணி நேரம் கழித்து இரண்டு குவளைகளோடு வந்து, தன்னுடையதை இடப்பக்கம் வைத்துக்கொண்டாள்.

"டாக்டருக்கு எழுதப்போறீங்களா?"

"மேலாளருக்கும் எழுதணும்."

"மானிட்டர் மாட்டினது நீங்கன்னு எழுதினா உங்க வேலைக்கு ஏதாவது வருமா?"

"வரலாம்."

அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "எழுதுங்க. ஆனா 'பொண்டாட்டிக்காக மாட்டினேன்'னு எழுதிடாதீங்க. எல்லார் கண்ணும் என் மேலதான் இருக்கும்."

புதன்கிழமை மேலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மேலாளர் நல்லவர், தலைவலி பிடிக்காதவர். "நகலார் சார், எதுக்கு இவ்வளவு? 'இயந்திரக் கோளாறு, சரிசெய்யப்பட்டது'ன்னு ஒரு வரி போதுமே. உங்க பேரை ஏன் நடுவுல இழுக்கறீங்க? விசாரணைன்னு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நகலாருக்கு ஒரு கணம் கிடங்கின் ஈரவாடை மூக்கில் ஏறியது. செய்யாத பிழைக்காக அன்று வெளியே அனுப்பினார்கள். இன்று செய்த பிழையை மறைத்துக்கொள்ள நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்காரலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் தச்சர் உளிகளைக் கொடுத்துவிட்டார்.

"தேதி வேணும் சார்" என்றார். "என் வீட்டுக்காரி தவிர இன்னும் நாலு பேர் இருக்காங்க. எந்தத் தேதியில இருந்து அவங்க படிவம் தப்புன்னு அவங்களுக்குத் தெரியணும். தேதியை எழுதினா அன்னைக்கு என்ன மாத்தினோம்னு கேட்பாங்க. அப்புறம் யார் மாத்தினாங்கன்னு கேட்பாங்க. அதுக்கு நானே எழுதிக் கொடுத்துடறேன்."

"ம்... சரி. வச்சுட்டுப் போங்க."

"நகல்ல ஒரு கையெழுத்து, சார். பெற்றுக்கொண்டேன்னு."

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். நகலார் கையில் தடித்த கோப்பு இருந்தது. அதை அவர் திறக்கவில்லை.

"டாக்டர், ஒரே ஒரு தடவை நீங்க இதுல உட்கார்ந்து ஓட்டணும்."

"நானா? எனக்கு இதெல்லாம் வராதுப்பா."

"நாங்களும் அப்படிச் சொல்லித்தான் உட்கார்ந்தோம்" என்றாள் மனைவி, பின்னால் நின்றபடி.

டாக்டர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். முதல் முட்டலில் சிரித்தார். மூன்றாம் முட்டலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆறாம் முட்டலில் சிரிப்பு நின்றது. கடைசியில் திரை சொன்னது: வலம் ஒன்று, இடம் ஒன்பது. பயிற்சியாளர் அம்மா இந்த முறை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோட படிவத்துலயும் எழுதுவீங்களாம்மா, டாக்டருக்கு இடது பக்கம் தெரியலன்னு?" என்றார் டாக்டர். அது வேடிக்கையாகத் தொடங்கி, முடியும்போது வேடிக்கையாக இல்லை.

நகலார் அந்த ஓர் அமைப்பை மாற்றினார். பச்சை மிதவைகள் எழுந்தன. மனைவி உட்கார்ந்தாள். இடது கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அவள் அதற்கும் சேர்த்து முன்கூட்டியே திருப்பினாள், வளைவுக்கு முன்பே வேனைத் திருப்பத் தெரிந்தவள்போல. வலம் இரண்டு, இடம் ஒன்று.

"அந்த ஒண்ணு என் தப்புதான். அதை எழுதிக்கோங்க" என்றாள் பயிற்சியாளர் அம்மாவிடம்.

டாக்டர் அவள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, கையை அவளுடைய இடப்பக்கம் நீட்டினார். "எத்தனை விரல்?"

"ரெண்டு. ஒண்ணுல மை ஒட்டியிருக்கு."

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டித்தான் இருந்தது. "இதை நான் ரெண்டு மாசம் முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்றார் மெதுவாக. பழைய குறிப்பின் மேல் குறுக்குக் கோடு போட்டு, தேதியிட்டு, சாலைச் சோதனைக்குப் பரிந்துரை எழுதினார். நகலார் கையை நீட்டினார். டாக்டர் கேட்காமலே இரண்டாம் பிரதியையும் கிழித்துக் கொடுத்தார்.

மற்ற நால்வருக்கும் நகலாரே கடிதம் எழுதினார். தச்சருக்கு மட்டும் நேரில் போய்ச் சொன்னார். தச்சர் முழுதும் கேட்டார். "உளியைத் திருப்பிக் கேட்டா தம்பி பையன் சிரிப்பானா?" என்றார். "கேட்டுப் பாருங்க. நான் வேணா கூட வரேன்" என்றார் நகலார்.

மையம் அவருக்கு ஒரு குறிப்பாணை கொடுத்தது. 'பயன்பாட்டு நிலையில் சோதிக்காமல் உபகரணத்தை ஒப்படைத்தமைக்காக எச்சரிக்கப்படுகிறார்.' வேலை நீடித்தது. வாழ்நாளில் அவர்மேல் தவறு சொல்லி வந்த தாள்களில் உண்மையைச் சொன்ன முதல் தாள் அது. அதையும் துளையிட்டுக் கோத்தார். பதிவேட்டில் ஒரு புதிய கட்டம் சேர்த்தார்: 'நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தது'.

சாலைச் சோதனை முடிந்த மறுநாள், துணிமூட்டைகளோடு முதல் சுற்றுக்குக் கிளம்பும்போது மனைவி அவரையும் ஏற்றிக்கொண்டாள். வேனில் சோப்பு வாசனையும் புழுக்கமும். நகலார் பக்கத்து இருக்கையில், மடியில் கோப்போடு இருந்தார். வேன் இரண்டு தெரு தாண்டியது. பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆரம்பித்தாள்.

"இடது பக்கம் ஒரு சைக்கிள், பின் சக்கரத்துல காத்து கம்மி. இடது பக்கம் மருந்துக்கடை, ஒரு கதவுதான் திறந்திருக்கு. இடது பக்கம் ஒரு அம்மா, ரெண்டு பை. இடது பக்கம் நாய். தூங்குது. எழுதிக்கிறீங்களா?"

"ஓட்டறப்ப பேசாதம்மா."

"எழுதிக்கிறீங்களான்னு கேட்டேன்."

நகலார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சைக்கிளுக்கு அப்புறம் என்ன சொன்னே?" என்றார்.